ஸ்டென்ட்டா, பைபாஸா? இரண்டும் உண்மையில் என்ன செய்கின்றன

இதயக் குழாய்களுக்குள் சாயம் விட்டுப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் முடிந்து கேத் லேப் கதவு திறந்ததும் வெளியே நிற்கும் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "எத்தனை பிளாக் சார்? எத்தனை பர்சன்ட்?" பதில் வந்தவுடன் குடும்பமே கணக்குப் போட ஆரம்பித்துவிடும். ஒன்று என்றால் ஸ்டென்ட் (குழாயை விரித்துப் பிடிக்கும் வலை), மூன்று என்றால் பைபாஸ் (புதுக் குழாய் தைக்கும் அறுவை). 70 என்றால் பரவாயில்லை, 90 என்றால் ஆபத்து. சித்தப்பாவுக்கு 95 இருந்தும் ஸ்டென்ட்டோடு விட்டுவிட்டார்கள், மாமாவுக்கு 80தான், ஆனால் நெஞ்சைத் திறந்துவிட்டார்கள், ஆக இதில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது!

தில்லுமுல்லு எங்கேயும் நடக்கலாம். ஆனால் மேலே சொன்ன வித்தியாசத்துக்கு அது தேவையே இல்லை. அந்த எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்வதில்லை என்று தெரிந்தால் மருத்துவர் ஏன் ஒருவருக்கு ஒன்றையும் இன்னொருவருக்கு வேறொன்றையும் சொல்கிறார் என்பது தெளிவாகிவிடும்.

பர்சன்ட் கணக்கு

இதயத்தின் அறைகளுக்குள் எப்போதும் ரத்தம் நிறைந்திருக்கிறது. ஆனாலும் இதயத் தசைக்கு வேண்டிய ரத்தம் அங்கிருந்து கிடைப்பதில்லை. மகாதமனி இதயத்தை விட்டுக் கிளம்பும் இடத்திலேயே இரண்டு தமனிகள் பிரிந்து, இதயத்தின் மேற்பரப்பில் ஓடி, கிளை கிளையாகத் தசைக்குள் இறங்குகின்றன. வலது பக்கத் தமனி ஒன்று. இடது பக்கம் 'லெஃப்ட் மெயின்' என்ற குட்டையான தண்டு. ஓரிரு சென்டிமீட்டரிலேயே அது இரண்டாகப் பிரிகிறது: முன்பக்கம் இறங்கும் எல்.ஏ.டி., பின்பக்கம் சுற்றிப் போகும் சர்கம்ஃப்ளெக்ஸ். 'டிரிபிள் வெசல்' என்று ரிப்போர்ட்டில் வருவது வலது, எல்.ஏ.டி., சர்கம்ஃப்ளெக்ஸ் ஆகிய இந்த மூன்றையும்தான். பெரிய குழாய்கள் என்று சொன்னாலும் உள்விட்டம் 3 முதல் 4 மி.மீ. வரைதான் இருக்கும்.

இதில் எல்.ஏ.டி. மட்டும் இதயத்தின் முன்சுவரையும் இரு கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவரின் பெரும்பகுதியையும் கவனித்துக்கொள்கிறது. அதன் தொடக்கத்தில் 80 சதவீதம் சுருங்குவதும், கடைக்கோடிக் கிளை ஒன்றில் 95 சதவீதம் சுருங்குவதும் ஒன்றாகாது. பின்னதை மாத்திரையோடு விட்டுவிடுவார்கள். முன்னதை விடமாட்டார்கள். சித்தப்பா, மாமா புதிருக்குப் பாதி விடை இங்கேயே இருக்கிறது.

இன்னொன்று, அந்தச் சதவீதம் குழாயின் விட்டத்தில் சொல்லப்படுவது. 3 மி.மீ. குழாய் ஓரிடத்தில் 1.5 மி.மீ. ஆகிவிட்டால் அது 50 சதவீத அடைப்பு. ஆனால் ரத்தம் போகும் வாயின் பரப்பைக் கணக்கிட்டால் நான்கில் மூன்று பங்கு போய்விட்டது. 70 சதவீதம் என்றால் பரப்பில் மிஞ்சுவது வெறும் 9 சதவீதம். பொதுவாக இந்த 70ஐத் தாண்டும்போதுதான் மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுக்கிப் பிடிப்பதும் நின்றால் விடுவதும் தொடங்கும். லெஃப்ட் மெயினில் மட்டும் 50ஐயே பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள், அதற்குக் கீழே இருக்கும் தசை அவ்வளவு அதிகம்.

அந்த எண்ணைப் பெரும்பாலும் மருத்துவர் திரையில் கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறார். ஒருவருக்கு 60 ஆகத் தெரிவது இன்னொருவருக்கு 75 ஆகத் தெரியலாம், இருவரும் நேர்மையானவர்களாகவே இருப்பார்கள். இப்படி நடுவாந்தரமாக இருக்கும் அடைப்புகளுக்காகவே எஃப்.எஃப்.ஆர். என்ற சோதனை இருக்கிறது. நுனியில் அழுத்தமானி பொருத்திய மெல்லிய கம்பியை அடைப்பைத் தாண்டி அனுப்பி, முன்னும் பின்னும் ரத்த அழுத்தத்தை ஒப்பிடுகிறார்கள். பின்னால் இருக்கும் அழுத்தம் முன்னால் இருப்பதில் 0.80 பங்கோ அதற்குக் குறைவோ என்றால் அந்த அடைப்பு ரத்த ஓட்டத்தை உண்மையிலேயே தடுக்கிறது. 0.88 என்று வந்தால், பார்க்க எவ்வளவு கோரமாக இருந்தாலும், பெரும்பாலும் தொடாமல் விடுவதே நல்லது. "நடுத்தர அடைப்புதான், எதற்கும் ஒரு ஸ்டென்ட் வைத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் எஃப்.எஃப்.ஆர். பார்த்தீர்களா என்று கேட்கலாம். அது மரியாதைக் குறைவான கேள்வி இல்லை.

அடைப்பு குழாய்க்குள் இல்லை, சுவருக்குள் இருக்கிறது

கொழுப்பு குழாயின் உட்புறத்தில் படிந்து மெல்ல மெல்ல வழியை மூடுகிறது என்றுதான் எல்லோர் மனதிலும் படம் இருக்கிறது. உண்மையில் கொழுப்பு சேருவது குழாயின் உள் உறைக்கு அடியில், சுவருக்குள்ளே. கொலஸ்டிராலும் அதைத் தின்ன வந்து அங்கேயே சாகும் வெள்ளணுக்களும் நாளடைவில் கால்சியமும் சேர்ந்து அங்கே ஒரு பருபோல உருவாகிறது. மேலே நார்த்திசுவால் ஆன மூடி. மூடி தடித்திருந்தால் பரு பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். மெல்லிய மூடி என்றால் ஒருநாள் கிழிந்துவிடும். கிழிந்த இடத்தில் ரத்தம் பட்டதும் உடம்பு அதைக் காயமென்று எடுத்துக்கொண்டு உறைகட்டி போடுகிறது. 3 மி.மீ. குழாய் அடைபட சில நிமிடம் போதும். அதுதான் மாரடைப்பு.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், கிழியும் பரு பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. குழாயைப் பாதிகூடச் சுருக்காத இடங்களிலிருந்தும் ஏராளமான மாரடைப்புகள் வருகின்றன. "போன மாசம்தான் டிரெட்மில் பார்த்தோம், நார்மல்னு சொன்னாங்க, இப்படி ஆயிடுச்சே" என்று புலம்பும் வீடுகளில் யாரும் பொய் சொல்லவில்லை. டிரெட்மில் சோதனை சுருக்கத்தைக் கண்டுபிடிக்கும், கிழியப்போவதைக் கண்டுபிடிக்காது.

ஆக, 'பிளாக்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு சிக்கல்கள் இருக்கின்றன. நடந்தால் வலித்து, நின்றால் விடும் நிலையான நெஞ்சுவலி ஒன்று. திடீரென உறைகட்டி அடைப்பது இன்னொன்று. இரண்டுக்கும் கேத் லேப்புக்குத்தான் போகிறார்கள், இரண்டிலும் ஸ்டென்ட்தான் வைக்கிறார்கள். ஆனால் கிடைக்கும் பலன் ஒன்றில்லை.

மாரடைப்பில் விவாதத்துக்கு இடமில்லை

குழாய் முழுதாக அடைபட்டால் அரை மணி நேரத்துக்குள் தசை சாகத் தொடங்குகிறது. சாவு உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக அடுத்த சில மணி நேரம் பரவிக்கொண்டே போகும். செத்த தசை திரும்ப வராது. எனவே வந்த வேகத்தில் குழாயைத் திறக்க வேண்டும். மருத்துவமனை வாசலில் கால் வைத்ததிலிருந்து 90 நிமிடத்துக்குள் குழாயைத் திறக்கும் பலூன் உள்ளே விரிய வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள இலக்கு. கேத் லேப் இருக்கும் ஊருக்கு 120 நிமிடத்துக்குள் போய்ச் சேர முடியாது என்றால் உறைகட்டியைக் கரைக்கும் ஊசியை (டெனெக்டிபிளேஸ், ஸ்ட்ரெப்டோகைனேஸ்) முதலில் போட்டுவிட்டு, பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். இந்தச் சூழ்நிலையில் ஸ்டென்ட் உயிரைக் காப்பாற்றுகிறது. செகண்ட் ஒப்பீனியன் கேட்கும் நேரம் அது இல்லை.

தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றும் சேர்த்து 14 மாத்திரை. அவை அடைத்த குழாயைத் திறந்துவிடாது. உறைகட்டி மேலும் வளராமல் பிடித்து வைக்கும், 108இல் ஏற்றிக்கொண்டு போகும் நேரத்தைக் கொஞ்சம் சம்பாதித்துக் கொடுக்கும். மாத்திரை போட்டாயிற்று, இனி காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குத் திரும்பினால் எல்லாம் பாழ்.

நேரத்தைத் தின்பதில் முதலிடம் 'கேஸ் டிரபிள்' என்ற நினைப்புக்குத்தான். ஒரு சோடா, ஒரு ஜெலுசில், கொஞ்சம் ஓமத்தண்ணீர், பிறகு தூங்கிப் பார்ப்போம். இடது நெஞ்சில் ஊசி குத்தினாற்போல வலித்தால்தான் மாரடைப்பு என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் அது நடு நெஞ்சில் பாரம் வைத்தாற்போல அழுத்தும், தாடைக்கோ கைக்கோ பரவும், சட்டை நனையும் அளவுக்கு வியர்க்கும். நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் வியர்வையும் மட்டும் வரலாம். ஓர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் சோடா குடியுங்கள்.

மணிக்கட்டிலிருந்து இதயத்துக்கு

1929இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர் தன் கை நரம்பு (அதாவது சிரை) வழியாகத் தானே ஒரு நீளக் குழாயைச் செருகி, அதோடு எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய், அது தன் இதயத்தைத் தொட்டுக்கொண்டிருப்பதைப் படமெடுத்தார். வேலை போனது. 1956இல் நோபல் பரிசு வந்தது. 1958இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் மேசன் சோன்ஸ் ஒரு நோயாளியின் மகாதமனியில் சாயத்தைச் செலுத்தியபோது குழாயின் நுனி தவறிப்போய் வலது இதயத் தமனிக்குள் புகுந்துவிட்டது. இதயம் சில நொடி நின்றது. சோன்ஸ் பதறிப்போய் நோயாளியை இருமச் சொன்னார். இருமியதும் இதயம் மறுபடி ஓடத் தொடங்கியது. இதயத் தமனிக்குள் நேரடியாகச் சாயம் விட்டாலும் மனிதன் பிழைப்பான் என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான். இன்று நாம் 'ஆஞ்சியோ' என்று சாதாரணமாகச் சொல்வது அந்த விபத்தின் வாரிசு.

பலூனைக் கொண்டுவந்தவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக். வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து கையாலேயே பலூன் குழாய்களைச் செய்து பார்த்தவர். 1977 செப்டம்பரில் சூரிச் நகரில் 38 வயதுக்காரர் ஒருவரின் எல்.ஏ.டி. அடைப்பை அதைக்கொண்டு விரித்தார். 10 ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்தக் குழாய் திறந்தே இருந்தது. அதைப் பார்க்கக் குருன்ட்சிக் இல்லை, 1985இல் விமான விபத்தில் இறந்துவிட்டார். இந்தியாவில் ஆஞ்சியோபிளாஸ்டி எனப்படும் இந்தப் பலூன் வைத்தியத்தைத் தொடங்கிவைத்தவர் மேத்யூ சாமுவேல் களரிக்கல். இடம் சென்னை, ஆண்டு 1986.

இப்போது மேஜையில் என்ன நடக்கிறது? மணிக்கட்டில் மரத்துப்போகும் ஊசி போட்டு, நாடி பார்க்கும் தமனிக்குள் 2 மி.மீ. அளவுள்ள ஒரு நுழைவுக் குழாயைச் செருகுகிறார்கள். தொடை வழியாகப் போவதைவிட இதில் ரத்தக்கசிவு குறைவு, உடனே எழுந்து உட்காரலாம். உள்ளே போகும் குழாயின் வளைந்த நுனி இதயத் தமனியின் வாயில் போய் உட்காரும். அதன் வழியாக 0.36 மி.மீ. தடிமனுள்ள கம்பி ஒன்று கிளம்புகிறது. நுனி மிக மென்மையானது. மருத்துவர் விரலிடுக்கில் வைத்து அதை உருட்டி உருட்டி, திரையைப் பார்த்தபடி அடைப்பைத் தாண்டச் செய்வார். கைத்திறமை எல்லாம் இங்கேதான். கம்பி தாண்டிவிட்டால் மற்றதெல்லாம் அந்தத் தண்டவாளத்தின் மேல் ஓடும். முதலில் சின்ன பலூன். பிறகு பலூனின் மேல் சுருக்கி வைத்த உலோக வலை, அதாவது ஸ்டென்ட். 12 முதல் 16 வளிமண்டல அழுத்தத்தில் பலூனை விரித்ததும் வலை விரிந்து சுவரில் பதிந்துவிடும். பலூனை வெளியே எடுத்துவிடுவார்கள், வலை அங்கேயே இருக்கும். பலூன் விரிந்திருக்கும் அந்த 10, 20 நொடி நெஞ்சு இறுகும். நோயாளி விழித்துக்கொண்டுதான் இருப்பார். "இப்ப கொஞ்சம் வலிக்கும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். கல்லாக இறுகிய கால்சியம் இருந்தால் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்று சுற்றும், வைரத்தூள் பூசிய நுண்துரப்பணத்தால் முதலில் அதைத் தேய்த்துவிட்டுத்தான் ஸ்டென்ட் வைக்க முடியும்.

வெறும் பலூனோடு நிறுத்திய காலத்தில் மூன்றில் ஒருவருக்கு அதே இடம் ஆறு மாதத்தில் மறுபடி சுருங்கியது. அதற்காகத்தான் 1986இல் பிரான்ஸின் துலூஸ் நகரில் முதன்முதலாக ஸ்டென்ட் வைத்தார்கள். வலை சுவரைத் தாங்கிப் பிடித்தது. ஆனால் உடம்பு அதைக் காயமாகக் கருதி உள்ளே தழும்பு வளர்த்தது. தழும்பு வளராமல் தடுக்கும் மருந்தைப் பூசிய ஸ்டென்ட்டுக்கு 2003இல் அமெரிக்கா அனுமதி தந்தது. சிரோலிமஸ் என்ற அந்த மருந்து ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து கிடைத்தது. இன்று வைக்கப்படுவது கிட்டத்தட்ட எல்லாமே மருந்து பூசியவைதான். இந்தியாவில் 2017 பிப்ரவரியில் மத்திய அரசு இவற்றுக்கு உச்சவிலை நிர்ணயித்தது. மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு அப்போது 29,600 ரூபாய். அதற்கு முன் ஒன்றுக்கே லட்சத்துக்கு மேல் பில் வருவது சாதாரணம். உச்சவிலை ஸ்டென்ட்டுக்கு மட்டும்தான், மேஜைக் கட்டணத்துக்கும் அறை வாடகைக்கும் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஸ்டென்ட் துருப்பிடிக்காது, நகராது, பத்து வருடத்தில் காலாவதியாகாது. சில மாதங்களில் அதன் மேல் உடம்பின் சொந்த உறை படர்ந்து மூடிவிடும். மூடும்வரை ரத்தம் வெறும் உலோகத்தைப் பார்க்கிறது, உறைய ஆசைப்படுகிறது. அதனால்தான் ஆஸ்பிரினோடு இன்னொரு மாத்திரையும் சேர்த்து, நிலையான நெஞ்சுவலிக்கு வைத்ததென்றால் சுமார் 6 மாதம், மாரடைப்புக்கு வைத்ததென்றால் சுமார் ஓராண்டு கொடுக்கிறார்கள். எளிதில் ரத்தம் கசிபவர்களுக்குக் காலத்தைக் குறைப்பார்கள். பல் பிடுங்கவேண்டும் என்பதற்காகத் தானாகவே மாத்திரையை நிறுத்தி, ஸ்டென்ட் உறைந்து, மறுபடி மாரடைப்போடு வருபவர்கள் இருக்கிறார்கள். பல் மருத்துவரும் இதய மருத்துவரும் போனில் இரண்டு நிமிடம் பேசினால் தீரும் விஷயம் அது.

அடைப்பைத் தொடாமல் விடும் அறுவை

பைபாஸைப் பற்றிப் பலருக்குத் தெரியாதது, அதில் அடைப்பை யாரும் எடுப்பதில்லை என்பது. அது இருந்த இடத்திலேயே இருக்கும். அதைத் தாண்டி, குழாய் நன்றாக இருக்கும் இடத்தில் ஒரு புதுக் குழாயைத் தைத்து ரத்தத்தைக் கொண்டுபோய் விடுகிறார்கள்.

1967இல் அதே கிளீவ்லேண்ட் கிளினிக்கில் அர்ஜென்டினாக்காரரான ரெனே ஃபவலோரோ காலிலிருந்து எடுத்த நரம்பை (சிரையை) கொண்டு இதைச் செய்து முறையாக நிலைநிறுத்தினார். சோன்ஸின் படங்கள் இல்லாமல் அது நடந்திருக்காது, எங்கே அடைத்திருக்கிறது என்று தெரியாமல் எங்கே தைப்பது? எட்டு ஆண்டு கழித்து, 1975இல், சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸைச் செய்தார். கார்ப்பரேட் மருத்துவமனைகள் வருவதற்கு முன், ரயில்வே ஊழியர்களுக்கான ஆஸ்பத்திரியில்.

நெஞ்செலும்பை நீளவாக்கில் அறுத்து விரிக்கிறார்கள். ஒருவர் காலிலிருந்து நரம்பை எடுத்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் நெஞ்செலும்பின் உட்பக்கம் ஓடும் இடது மார்புத் தமனியைப் பிரித்தெடுப்பார். அதன் மேல்முனையை வெட்டுவதில்லை. கீழ்முனையை மட்டும் கத்தரித்து எல்.ஏ.டி.யில் தைத்துவிடுவார்கள். 1.5 மி.மீ. குழாயில் 1.5 மி.மீ. குழாயை, ஒரு மில்லிமீட்டரில் 20இல் ஒரு பங்கு தடிமனுள்ள நூலால், பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு தைக்க வேண்டும். இதயம் துடித்துக்கொண்டிருந்தால் எப்படித் தைப்பது? பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தால் இதயத்தை நிறுத்திவிட்டு, இதய-நுரையீரல் இயந்திரத்தை ஓடவிடுவது ஒரு வழி. ஜான் கிப்பன் 1953இல் அதைக்கொண்டு மனித இதயத்தில் முதல் வெற்றிகரமான அறுவையைச் செய்தார். தைக்கும் இடத்தை மட்டும் ஒரு கவ்வியால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்ற இதயத்தைத் துடிக்கவிட்டே தைப்பது இன்னொரு வழி. இந்திய அறுவை மருத்துவர்கள் பலருக்கு இந்த இரண்டாவது வழியே பழக்கம்.

மார்புத் தமனி ஒரு வரம். 10 ஆண்டு கழித்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது திறந்தே இருக்கின்றன. கால் நரம்போ, தமனியின் அழுத்தத்துக்குப் படைக்கப்படாதது. 10 ஆண்டில் கிட்டத்தட்டப் பாதி அடைந்துவிடுகின்றன. பைபாஸுக்குப் பிறகும் சிகரெட்டை விடாதவர்களுக்குச் சீக்கிரமே.

இனி ஸ்டென்ட்டையும் பைபாஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்டென்ட், தான் உட்கார்ந்திருக்கும் 20, 30 மி.மீ. இடத்தை மட்டும் சரிசெய்கிறது. அதற்கு ஒரு விரற்கடை மேலேயோ கீழேயோ நாளை புதுப் பரு கிழிந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. பைபாஸ் குழாயோ தமனியின் நடுப்பகுதிக்குக் கீழே போய் இணைகிறது. அதற்கு மேலே உள்ள நீளம் முழுவதிலும், இன்று இருக்கும் அடைப்பும் சரி, ஐந்து வருடம் கழித்து வரப்போகும் அடைப்பும் சரி, தசையைப் பட்டினி போட முடியாது. ஒன்று இடத்துக்கு வைத்தியம், மற்றொன்று பிரதேசத்துக்கு.

சர்க்கரை நோயாளிகளிடம் இது அப்பட்டமாகத் தெரியும். அவர்களுக்கு அடைப்பு ஓரிடத்தில் நிற்காமல் குழாய் நெடுகப் பரவியிருக்கும். பல குழாய்கள் அடைத்த 1,900 சர்க்கரை நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒப்பிட்ட ஃப்ரீடம் ஆய்வு 2012இல் வெளியானது. ஐந்து ஆண்டில் இறந்தவர்கள் ஸ்டென்ட் பிரிவில் நூற்றுக்கு 16.3, பைபாஸ் பிரிவில் 10.9. பக்கவாதம் மட்டும் பைபாஸில் அதிகம், 2.4க்கு எதிராக 5.2. சர்க்கரை உள்ள மாமாவுக்கு மூன்று குழாயும் அடைத்திருந்தால் பைபாஸ் என்று சொன்னவர் நல்லதைத்தான் சொல்லியிருக்கிறார். லெஃப்ட் மெயினோடு சேர்ந்த சிக்கலான அடைப்பு, பம்பிங் குறைந்த இதயத்தில் மூன்று குழாய் அடைப்பு ஆகியவற்றிலும் தராசு பைபாஸ் பக்கமே சாய்கிறது. ஒன்றிரண்டு குழாய்களில் எளிதான அடைப்பு, மாரடைப்பின் அவசரம், நெஞ்சைத் திறந்தால் தாங்காத நுரையீரல், தள்ளாத வயது என்றால் ஸ்டென்ட்.

மாரடைப்பு இல்லாமல், நிலையான நெஞ்சுவலிக்காக ஆஞ்சியோ செய்து மூன்று குழாய் அடைப்பு தெரிந்தால், "மேஜையில் இருக்கும்போதே முடித்துவிடலாம், கையெழுத்துப் போடுங்கள்" என்ற அவசரத்துக்கு இணங்காதீர்கள். ஆஞ்சியோ படம் பதிந்த சி.டி.யை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, ஸ்டென்ட் வைப்பவரையும் அறுவை செய்பவரையும் ஒருசேரக் கேட்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. பல நாடுகளில் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசி முடிவெடுப்பதே விதிமுறை.

மூன்றாவது வழி

இரண்டும் வேண்டாம், மாத்திரை மட்டும் போதுமா? நிலையான நெஞ்சுவலிக்காரர்களில் பலருக்குப் போதும். 2007இல் வந்த கரேஜ் ஆய்வு இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. 5,179 பேரை வைத்து நடந்து 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வும் அதையே சொன்னது: லெஃப்ட் மெயின் அடைப்போ மிகக் குறைந்த பம்பிங்கோ இல்லாதவர்களில், நல்ல மாத்திரை வைத்தியத்தோடு முதலிலேயே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்ததால் சில ஆண்டுகளுக்குள் மாரடைப்போ மரணமோ குறையவில்லை. நெஞ்சுவலி மட்டும் குறைந்தது. காரணம் மேலேயே பார்த்ததுதான். ஸ்டென்ட் வைத்தது பெரிய சுருக்கத்தில், கிழிவதோ வேறெங்கோ. ஒவ்வொரு பருவின் மூடியையும் தடிக்கவைக்கும் வேலையை கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைதான் செய்கிறது. எனவே வலி மாத்திரைக்கு அடங்கவில்லை, அன்றாட வேலை கெடுகிறது என்றால் ஸ்டென்ட் வைத்துக்கொள்வது முழுக்க நியாயம். "வைக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் போய்விடுவீர்கள்" என்று இவர்களைப் பயமுறுத்துவது நியாயமில்லை.

ஸ்டென்ட்டோ பைபாஸோ, செய்துகொண்டவர்கள் ஸ்டாட்டினை நிறுத்துவதுதான் எனக்குப் புரியாத விஷயம். "பிளாக்கைத்தான் எடுத்தாச்சே, அப்புறம் எதுக்கு கொலஸ்டிரால் மாத்திரை?" எடுக்கவில்லை என்பதுதான் பதில். 'கெட்ட கொலஸ்டிரால்' எனப்படும் எல்.டி.எல். 70க்குக் கீழே, முடிந்தால் 55க்குக் கீழே இருக்க வேண்டும்.

மற்ற குழாய்களில்

இதே இரண்டு வழிகளும் உடம்பின் மற்றக் குழாய்களுக்கும் உண்டு. வயிற்று மகாதமனி 5.5 செ.மீ. அளவுக்கு வீங்கிவிட்டால் வெடிக்கும் அபாயம் கூடுகிறது. வயிற்றைத் திறந்து துணிக்குழாய் தைப்பது பழைய வழி. தொடை வழியாகத் துணி போர்த்திய ஸ்டென்ட்டை அனுப்புவதை 1990இல் பியூனஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி செய்து காட்டினார். சுருங்கிய மகாதமனி வால்வை நெஞ்சைத் திறக்காமல் மாற்றும் முறையை 2002இல் பிரான்ஸில் ஆலன் கிரிபியே தொடங்கினார். கழுத்துத் தமனியில் மட்டும், திறந்து சுரண்டி எடுக்கும் பழைய அறுவையே இன்னும் பலருக்கு முதல் தேர்வு.

குழாய் வழி வைத்தியம் பிறந்ததே இதயத்தில் இல்லை, காலில். 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லேண்டில் 82 வயது மூதாட்டி ஒருவரின் கால்விரல்கள் அழுகத் தொடங்கியிருந்தன. காலை எடுக்க வேண்டும் என்றார்கள், அவர் மறுத்துவிட்டார். சார்லஸ் டாட்டர் அவருடைய தொடைத் தமனிக்குள் ஒன்றைவிட ஒன்று தடித்த குழாய்களை வரிசையாகச் செருகி அடைப்பை அகலப்படுத்தினார். கால் சூடேறியது, புண் ஆறியது, சாகும்வரை சொந்தக் காலிலேயே நடந்தார்.

நம் ஊரில் சர்க்கரைப் புண்ணோடு வருபவர்களில் எத்தனையோ பேருக்குப் புண்ணைக் கழுவுகிறார்கள், ஆன்டிபயாடிக் போடுகிறார்கள், ஆறாவிட்டால் விரலை எடுக்கிறார்கள், பிறகு பாதத்தை எடுக்கிறார்கள். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடும் ஏ.பி.ஐ. என்ற சோதனைக்கு ஊசிகூடத் தேவையில்லை. 0.9க்குக் கீழே வந்தால் காலுக்கு ரத்தம் போதவில்லை. சர்க்கரை நோயாளிகளின் தமனி கால்சியத்தால் விறைத்திருந்தால் இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டும், அப்போது கால்விரல் அழுத்தத்தையோ டாப்ளர் ஸ்கேனையோ பார்க்க வேண்டும். விரலை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், ரத்த ஓட்டம் பார்த்தாயிற்றா, முழங்காலுக்குக் கீழே பலூன் போட முடியுமா, இல்லாவிட்டால் காலிலேயே பைபாஸ் தைக்க முடியுமா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு ரத்தக்குழாய் நிபுணரிடம் கேளுங்கள்.